மணிக்கட்டில் இரண்டு சுற்று

ஹாமில்டன், நியூசிலாந்து
10.12.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

செங்குட்டுவன் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா சர்க்கரை மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாளா, இல்லை போனில் எனக்குக் கதை விடுகிறாளா?

போன ஞாயிறு அவளோடு அரைமணி நேரம் பேசினேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். பம்புச் சத்தம் உங்கள் காதைத் தின்றுவிட்டது. அதற்காக உங்கள் பங்கு உங்களுக்கு வராமல் போகலாமா? வழக்கம்போல் இது உங்களுக்கு மட்டும்.

பட்டறையில் வேலை சரியாகப் போகிறது. ரைஹானும் நானும் ஒரே லாரிக்கு அடியில்தான் கிடக்கிறோம். ஊரில் பாலிடெக்னிக் படிக்கும்போது ஒரே சைக்கிளில் போனோம், இங்கே ஒரே வீட்டில் இருக்கிறோம். வடலூர்க் கடையிலிருந்து அவன் அப்பா சுல்தான் மாமா அனுப்பிய மிளகாய்த்தூளைப் போட்டு அவன் வைத்த குழம்பில் எங்கள் வெள்ளைக்கார சூப்பர்வைசர் கண்கலங்கிவிட்டார்.

ஒரு விஷயம். பிப்ரவரியில் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிறது. பட்டறை நண்பர்கள் ஆறு பேர் ஓர் ஆற்றுக்குப் போகிறோம். ரப்பர் படகில் ஏறி, பாறைகளுக்கு நடுவே பாய்ந்து இறங்கும் வெள்ளத்தோடு போக வேண்டும். ஓர் இடத்தில் இரண்டு ஆள் உயரத்திலிருந்து படகோடு கீழே விழுவோமாம்! படகின் ஓரம் முழுக்கக் கயிறு கட்டியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொள்ளலாம். பயப்படாதீர்கள். அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
செங்குட்டுவன்


வடக்குத்து
4.1.2024

அன்பு மகன் செங்குட்டுவனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். முட்டி வலிக்கிறது, வலிக்காவிட்டால்தான் ஆச்சரியம். உன் அம்மா மாத்திரை போடுகிறாள், அது தெம்பில் ரெண்டு அதிரசமும் போடுகிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அடேய், முப்பது வருஷம் நெய்வேலிச் சுரங்கத்தின் அடியில், மழைத்தண்ணீர் முழுக்க வந்து சேரும் சம்ப் குழியில் பம்பு ஓட்டியவன் நான். சம்பளம் கொடுத்தாலே அந்தத் தண்ணீரில் இறங்க ஆள் யோசிப்பான். நீங்கள் காசைக் கட்டிவிட்டுப் போய் விழுகிறீர்களா? ஓடுற பாம்பை மிதிக்கிற வயசு. நான் சொல்லி நிற்கவா போகிறாய்? போய்விட்டு வா.

ஆனால் கயிறு என்று எழுதினாயே, அதை மட்டும் கேட்டுக்கொள். கயிற்றைச் சும்மா பிடித்தால் பிடித்ததாகாது. ஈரக் கை வழுக்கும். ஒரு ஐப்பசி மழையில் சம்ப் கரை சரிந்தபோது நானும் இன்னொருத்தரும் நின்றோம். இடுப்பு பெல்ட் கொடுத்திருந்தார்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று நாங்கள்தான் ஷெட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தோம். அவர் கயிற்றைக் கையில் பிடித்திருந்தார், சேற்றோடு உருண்டுபோய் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். நான் மணிக்கட்டில் ரெண்டு சுற்று சுற்றியிருந்தேன், தொங்கிக்கொண்டு கிடந்தேன், தூக்கிவிட்டார்கள். அப்போது உனக்கு ஏழு வயசு. அந்த ரெண்டு சுற்று இல்லையென்றால் நீ அப்பன் இல்லாத பிள்ளை.

இடது கை. உள்பக்கமிருந்து வெளியே. ரெண்டு சுற்று, அதற்கு மேல் பிடி. பயந்த கை விட்டுவிடும், சுற்றின கயிறு விடாது. அங்கே யார் என்ன சொன்னாலும் இதை மறக்காதே. ரைஹானுக்கும் சொல்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கே நீ விழுவதற்கு முன் இங்கே இவள் விழுந்துவிடுவாள்.

உன் அப்பா
கலியன்


ஹாமில்டன்
2.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முட்டிக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த பார்சலில் வரும்.

ரைஹானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். காசைக் கட்டிவிட்டுப் போய் விழுகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் துணி காயப்போடும் கயிற்றை மாடிப்படிக் கம்பியில் கட்டி, இடது கை, உள்ளேயிருந்து வெளியே, ரெண்டு சுற்று, செய்து காட்டினேன். அவனும் சுற்றிக்கொண்டு முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தான். கழலவே இல்லை. "மாமா பெரிய ஆளுடா" என்றான்.

நாளைக் காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். உங்கள் கடிதத்தைப் பையில் வைத்திருக்கிறேன். இதைப் போகிற வழியில் தபாலில் போடுகிறேன். போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டு நீங்களே அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள்
செங்குட்டுவன்


ஹாமில்டன்
26.2.2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ரைஹான். உங்கள் இருவரின் நலத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் தோள்பட்டை இறங்கிப்போய், கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் செங்கு கூட வர முடியவில்லை. விமான நிலையம் வரைக்கும் போனேன். அங்கே ஒரு கதவுக்கு மேல் என்னை விடவில்லை.

அடக்கம் முடிந்ததை அத்தா போனில் சொன்னார். மாமா, எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. படகு கவிழ்ந்தது. எல்லோரும் தண்ணீரில் விழுந்தோம். அவன் மட்டும் வெளியே வரவில்லை. வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் கட்டில் அப்படியே இருக்கிறது. அந்த அறைக்குள் நான் போகவில்லை.

அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டதாக அம்மா சொன்னார்கள். எப்படியாவது போட வையுங்கள்.

இறைவன் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்.
ரைஹான்


வடக்குத்து
19.3.2024

தம்பி ரைஹானுக்கு,

கலியன் எழுதுவது. உன் தோள் தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான்.

போன மாதம் பதினெட்டாம் தேதி காலையில் பெட்டி வந்தது. கல்யாணம் ஆகாத பிள்ளை, புதைத்தோம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். உன் அத்தை மாரியம்மாளை முகம் மட்டும் பார்க்க விட்டோம். உன் அம்மா சைபுன்னிசா அவளைக் கடைசிவரை கட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நொடி என்று எழுதியிருக்கிறாய். சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் நீயும் அவனும் எருமை மாதிரி ஊறிக் கிடந்தவர்கள். உன்னைவிட அவன் நன்றாக நீந்துவான். ஐந்து பேர் எழுந்து வந்தீர்கள். அவன் மட்டும் ஏன் வரவில்லை? எனக்கு அதைச் சொல். நீட்டிச் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்.

கலியன்


ஹாமில்டன்
14.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்குப் பரவாயில்லை. கை பாதிவரை தூக்க முடிகிறது. அத்தை சாப்பிடுகிறாரா?

நோன்புப் பெருநாள் போனது. இத்தனை வருஷத்தில் செங்கு இல்லாத முதல் பெருநாள். நான் எதுவும் சமைக்கவில்லை. பட்டறையில் எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். சூப்பர்வைசர் அவன் தொப்பியை எடுக்காமல் ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறார்.

அவன் சாமான்களைப் பெட்டியில் போட்டு விமானத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சட்டைகள், ஷூ, ஸ்பானர் செட், உங்களுக்காக வாங்கிய முட்டித் தைலம், நீங்கள் அவனுக்கு எழுதிய கடிதங்கள் பதினேழு. ஸ்வெட்டரைத் துவைக்கவில்லை, அத்தை அப்படியே கேட்பார் என்று தோன்றியது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது.
ரைஹான்


வடக்குத்து
8.5.2024

ரைஹானுக்கு,

கலியன். பெட்டி வந்து சேர்ந்தது. ஸ்வெட்டரை மாரியம்மாள் தலையணைக்கு உறையாகப் போட்டிருக்கிறாள். எல்லாம் அனுப்பினாய், நான் கேட்டதற்குப் பதில் மட்டும் பெட்டியில் இல்லை.

குளிர் தொடங்கினால் எனக்கென்ன, வெயில் அடித்தால் எனக்கென்ன? உன்னிடம் நான் ஊர்க்கதையா கேட்டேன்? குடித்திருந்தீர்களா? யாராவது விளையாட்டுக்குத் தள்ளினீர்களா? படகில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நீதானே? உன் அத்தா வந்து எதிரே உட்கார்ந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

மாரியம்மாள் விடிந்தால் இதைத்தான் கேட்கிறாள்: "கூட இருந்தவன் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்னா இன்னா அர்த்தம்? அவன்தான் ஏதோ பண்ணிட்டு மறைக்கிறான்." எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆமாம் என்றாவது எழுது, இல்லை என்றாவது எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

கலியன்


ஹாமில்டன்
2.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எழுதிவிடுகிறேன். படகு கவிழ்ந்ததும் நான் அவன் கையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் இழுத்தது. என் தோள் வலித்தது. உயிர் பயத்தில் நான் கையை விட்டுவிட்டேன். விடாமல் இருந்திருந்தால் அவன் வந்திருப்பான்.

யாரும் குடிக்கவில்லை. யாரும் தள்ளவில்லை. குற்றம் என்னுடையது. என் அத்தாவிடமும் அம்மாவிடமும் கோபப்படாதீர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ரைஹான்


வடக்குத்து
20.9.2024

தம்பி ரைஹான்,

சுகமாக இருக்கிறாயா? பதில் எழுத மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத வெட்கமாக இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றே மாரியம்மாள் படிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எந்தக் கடிதமும் நான் படித்துத்தான் ஆக வேண்டும். படித்தேன். ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். அவள் அழவில்லை. எழுந்து, செருப்புகூடப் போடாமல் பஸ் ஏறி வடலூருக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். உங்கள் கடை வாசலில் நின்று ரெண்டு கை நிறைய மண்ணை வாரித் தூற்றினாள். கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. எனக்குக் கேட்கவில்லை, ஆனால் முப்பது வருஷம் வாயசைவைப் பார்த்தே பிழைத்தவன். அவள் சொன்னது: "எம்புள்ள கைய வுட்டவன் கை வெளங்காம போவட்டும்! அவனப் பெத்தவ வூட்ல வெளக்கு எரியாம போவட்டும்!" உன் அம்மா வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மண் அவர் தலையிலும் விழுந்தது. உன் அத்தா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும் தம்பி. ஏனென்றால் நீ எழுதியது பொய் என்று எனக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்தபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை ஏற்றிவிட்டு இடது மணிக்கட்டைப் பார்த்தேன். ரெண்டு தடம், பக்கத்தில் பக்கத்தில், தோல் உரிந்து கருத்து. ரெண்டு வாரம் கழித்து அவன் கடைசிக் கடிதம் வந்தது, மாடிப்படிக் கம்பியில் கட்டிப் பழகினதாக. நான் அவனுக்கு எழுதினது பதினெட்டுக் கடிதம். நீ பதினேழுதான் அனுப்பினாய். ஜனவரிக் கடிதத்தை மட்டும் எடுத்து ஒளித்து வைத்தாய் அல்லவா?

அப்புறம் ஏன் உன்னைக் கேட்டுக் கேட்டு வதைத்தேன் என்கிறாயா? வேறு ஏதாவது சொல்லமாட்டாயா என்றுதான். குடித்திருந்தான், பாறையில் மோதினான், நீ தள்ளிவிட்டாய், எதுவாக இருந்தாலும் சரி. நீயும் சொன்னாய். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நடந்ததை இப்போது எழுது. கயிற்றைச் சுற்றாதே என்று அவனுக்கு அங்கே யாருமே சொல்லவில்லையா?

கலியன்


ஹாமில்டன்
15.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உடல்நலம் எப்படி? தோள் சரியாகிவிட்டது, கனமானதைத் தூக்கினால் மட்டும் வலிக்கிறது.

சொன்னார்கள் மாமா. படகோட்டிக்கொண்டு வந்தவர் இரண்டு முறை கத்தினார். கயிற்றைப் பிடிக்க மட்டும் செய்யுங்கள், சுற்றாதீர்கள், கவிழ்ந்தால் உடனே விட்டுவிடுங்கள் என்றார். என் கையிலும் ரெண்டு சுற்று இருந்தது. அவர் சத்தத்துக்குப் பயந்து நான் அவிழ்த்துவிட்டேன். செங்கு என்னைப் பார்த்துச் சிரித்தான். "எங்கப்பா முப்பது வருஷம் சம்ப்ல நின்ன ஆளுடா. இவரு இன்னா, நேத்து வந்தவரு" என்றான். அவர் பார்க்காதபோது கையை முழங்காலுக்கு அந்தப்பக்கம் மறைத்துக்கொண்டான். நான் காட்டிக் கொடுக்கவில்லை. அவிழ்டா என்று சொல்லவும் இல்லை. நானும் நெய்வேலிக்காரன்தானே மாமா, அவன் செய்ததுதான் சரி, நான்தான் கோழை என்று எனக்குத் தோன்றியது.

படகு தலைகீழாகப் புரண்டு அவன் அடியில் மாட்டிக்கொண்டான். மூன்று முறை உள்ளே போனேன். வெள்ளம் படகை இழுக்க இழுக்கக் கயிறு இறுகிக்கொண்டே போனது. விரல் நுழையவில்லை. மூன்றாவது முறைதான் தோள் போனது. நீங்கள் சொன்னது சரி, சுற்றின கயிறு விடவே இல்லை.

உங்கள் கடிதம் என்னிடம் இருக்கிறது. அவன் பையில் இருந்தது.

மாமா, இதுவரை எதுவும் கேட்காத நான் ஒன்று கேட்கிறேன். பழி எனக்குப் பரவாயில்லை. என் அம்மா அன்றிலிருந்து கடைப்பக்கமே போவதில்லை. தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்து அழுகிறார்களாம். போன் பேசினால் ஒரே கேள்விதான்: "எதுக்குடா கைய வுட்ட? பள்ளிக்கூட நாள்ல ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுல சோறு போட்டேனேடா." அம்மாவிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே அத்தை காதுக்குப் போய்விடும். அத்தையிடம் நீங்கள் சொன்னால்தான் என் அம்மாவிடம் நான் சொல்ல முடியும். எனக்காக வேண்டாம், என் அம்மாவுக்காகச் சொல்லிவிடுங்கள்.

காத்திருப்பேன்.
ரைஹான்


வடக்குத்து
9.2.2025

தம்பி ரைஹான்,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றைக்கும் மாரியம்மாள் படிக்கச் சொன்னாள். நலம் விசாரித்து எழுதியிருக்கிறான் என்றேன். காறித் துப்பிவிட்டுப் போனாள். சொல்லிவிடலாம் என்று கார்த்திகை தீபம் வரை பார்த்தேன், அப்புறம் பொங்கல் வரை பார்த்தேன். முதல் வருஷத் திதி முடியட்டும், அன்றைக்குக் கட்டாயம் சொல்வது என்று முடிவு செய்தேன். சத்தியம் தம்பி, சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் திதி. அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்தாள். வந்தவர்கள் போனபிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மாரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். என் வாயில் அவ்வளவுதான் வந்தது. அதற்குள் அவள் என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: "கடசியா அவனுக்கு நீங்க இன்னா எழுதுனீங்க?"

ஒரு வருஷமாகக் கேட்காதவள் அன்றைக்குக் கேட்டாள்.

நான் "பத்திரமா இருடான்னு எழுதினேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதையாவது எழுதுனீங்களே. நான் அவ்ளோ நேரம் போன்ல பேசிக்கினு இருந்தேன், அந்த ஒரு வார்த்தைய சொல்லாம வுட்டுட்டேன். அப்பன் சொல்லு கேட்டுக்கினுதான் போயிருக்கான் எம்புள்ள" என்றாள். அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவன் போனதிலிருந்து பகலில் அவள் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வரை நான் அசையவில்லை.

என்னால் முடியாது தம்பி. அவளுக்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்தன். உண்மையைச் சொன்னால் அதுவும் இருக்காது. எனக்கு மிச்சம் இருப்பதும் அவள்தான். நான் கோழை. சம்ப்பில் தொங்கினபோது இவ்வளவு பயந்ததில்லை. உன் அம்மாவுக்கு நான் செய்கிறது பாவம் என்று தெரிந்தேதான் செய்கிறேன். வடலூரில் அவரையோ உன் அத்தாவையோ தூரத்தில் கண்டால் அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறேன். என் பழியை நீ சுமக்கிறாய். அதை வாங்கிக்கொள்ள எனக்குத் துணிச்சல் வராது, இனிமேலும் வராது. நீ என்னை மன்னிக்கவும் வேண்டாம்.

அந்த ஜனவரிக் கடிதத்தை எரித்துவிடு. இனிமேல் எனக்கு எழுதாதே. தபால்காரரிடம் அவள்தான் ஓடிப்போய் வாங்குகிறாள். வாங்கின கையோடு படி என்று எதிரே உட்கார்ந்துகொள்கிறாள்.

கலியன்